தண்ணீர் பாட்டிலை வைத்து பூமியின் காந்தப் புலத்தை அளப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இயற்பியல் புராஜெக்ட் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அமெரிக்க இயற்பியலாளர் ரஸ்ஸல் வேரியனின் புரோட்டான் காந்தமானிதான்; தண்ணீரையும் காயிலையும் வைத்துக் காந்தப் புலத்தை அளக்கும் கருவி. காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் பதில் கொடுக்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வை (NMR) 1946-இல் கண்டுபிடித்த இயற்பியலாளர்கள் பிளாக், பர்செல் இருவருக்குமே பெரிய காந்தம் தேவைப்பட்டது. பூமியின் புலமே போதுமே என்று யோசித்தவர் வேரியன். 1948-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மார்ட்டின் பேக்கார்டுடன் சேர்ந்து சோதித்து 1954-இல் முடிவை வெளியிட்டார்.

தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்களைக் காயிலின் புலத்தால் ஒரு பக்கம் திருப்பி, கரண்டைச் சட்டென்று நிறுத்தினால், அவை பம்பரம்போல் தலையாட்டும். அந்த ஆட்டம் அதே காயிலில் சின்ன மின்னழுத்தத்தை எழுப்பும், அதுதான் சிக்னல். தலையாட்டும் வேகம் பூமியின் புலத்தை மட்டுமே பொறுத்தது. காயிலை யார் எப்படிக் கட்டினாலும் அளவு மாறாது. இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 22 கேஜ் எனாமல் கம்பி 600 சுற்று. இரண்டையும் எதிரெதிராகத் தொடரில் இணைத்தால் கரண்ட் கம்பி இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும், சிக்னல் கூடும். 12 வோல்ட் பேட்டரியில் 1 ஆம்பியர் அளவுக்கு ஓடும். 5 விநாடி விடுங்கள். அப்புறம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயிலை பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மாற்ற வேண்டும்.

பலருக்கும் சிக்னல் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு போட்டால் கரண்ட் மெதுவாக இறங்கும். கருக்களும் கூடவே திரும்பி பூமியின் புலத்தோடு சேர்ந்துகொள்ளும், தலையாட்டாது. டயோடோடு 50 வோல்ட் ஜெனரை (குறிப்பிட்ட வோல்ட் வந்ததும் எதிர்த்திசையிலும் கடத்தும் டயோடு) எதிர்த்திசையில் தொடராகப் போடுங்கள், கரண்ட் சட்டென்று இறங்கும். நிறுத்தும் நேரத்தில் காயில் முனைகளைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

நம் பக்கம் சிக்னல் 1,700 ஹெர்ட்ஸ் அருகில் வரும். அதற்கு டியூன் செய்ய 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்பில் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) லட்சம் மடங்கு பெருக்கி, போனில் ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பாருங்கள்.

குளிர் நாடுகளில் பூமியின் புலம் செங்குத்தாக மண்ணுக்குள் சாய்கிறது. காந்த நடுக்கோடு நம்மை ஒட்டிப் போவதால் இங்கே அது தரைக்கு இணையாக வடக்கு நோக்கிக் கிடக்கிறது. காயிலின் புலம் பூமியின் புலத்துக்குக் குறுக்கே இருந்தால்தான் கருக்கள் நன்றாகத் தலையாட்டும். அதனால் காயிலைக் கிழக்கு மேற்காகப் படுக்க வையுங்கள், போதும்.

கான்கிரீட் வீட்டுக்குள் வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி சிக்னலைக் கெடுக்கும். முப்பந்தல் காற்றாலைப் பக்கமும், இரும்பு கலந்த இல்மனைட் உள்ள மணவாளக்குறிச்சிக் கருமணலும் சரிவராது. ஆணி இல்லாத மரப்பலகையோடு தென்னந்தோப்புக்குப் போங்கள்.

கிடைத்த ஹெர்ட்ஸை 23.487-ஆல் பெருக்கினால் புலம் நானோடெஸ்லாவில் (காந்தப் புலத்தின் அலகான டெஸ்லாவில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரும்; 1,700 என்றால் சுமார் 39,928. காலை ஆறு மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று எடுங்கள். நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தால் புலம் கூடும். 50 நானோடெஸ்லா கூடினால் 2 ஹெர்ட்ஸ் ஏறும். இரவில் மறுபடி அளந்தால் காலை அளவுக்கு அருகில் இறங்கியிருக்கும்.