வசனம் ஒப்பித்தால் பேச்சு வராது: பாகமேற்று நடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வீட்டிலும் தமிழ், கூட்டாளிகளோடும் தமிழ். பிள்ளைகளுக்கு மலாய், பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் திணறல். அதனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மலாய் வகுப்பில் பாகமேற்று நடிக்க வைப்பது நல்லதுதான். ஆனால், பல வகுப்புகளில் நடப்பது ஒப்புவித்தல்.

காரணம், வசனத்தை எழுதிக் கொடுப்பது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடைக் காட்சி. "மாக்சிக், நாசி லெமாக் சத்து, புங்குஸ்" (அத்தை, நாசி லெமாக் ஒன்று, பொட்டலம்) என்கிறாள் ஒருத்தி. "பாயிக்" (சரி) என்கிறாள் மற்றவள். கைதட்டல். இதே பிள்ளையிடம் நிஜக் கடையில் மாக்சிக் "தெலூர் டா ஹாபிஸ்" (முட்டை தீர்ந்துவிட்டது) என்றால், திரும்பி அம்மா முகத்தைத்தான் பார்ப்பாள். அதற்கு வசனம் இல்லையே!

வசனத்துக்குப் பதில் ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். மற்றவர் பார்க்கக் கூடாது. கடைக்காரர் சீட்டில்: முட்டை தீர்ந்தது, சில்லறை இல்லை. வாங்குபவர் சீட்டில்: தம்பிக்குக் காரம் ஆகாது, கையில் 50 ரிங்கிட் தாள். இனி கேட்டால்தான் விஷயம் தெரியும். அதற்கு முன், புரியாவிட்டால் "மாஃப், போலே உலாங் லாகி?" (மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா?) என்று கேட்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் தலையாட்டியே தப்பித்துவிடுவார்கள்.

நடுவில் புகுந்து திருத்துவது அடுத்த தவறு. 'பெலி' (வாங்கு) என்றவனை நிறுத்தி அதன் இலக்கண வடிவமான 'மெம்பெலி' சொல்ல வைத்தால், அவன் கண் எதிராளியை விட்டு ஆசிரியர் பக்கம் போய்விடும். கடையில் 'பெலி' போதும். மற்ற பிழைகளைக் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் பிறகு பலகையில் எழுதலாம்.

எப்போதும் கடை, கிளினிக் என்றே சுற்றாதீர்கள். 12 வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஆறாம் ஆண்டுக்கு அந்தக் கவுண்டரைவிட நல்ல காட்சி உண்டா? பிறப்புப் பத்திரம், கைரேகை, முகவரி. தோட்டத்து வீட்டு முகவரியை மலாயில் முழுசாகச் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். அங்கே கொஞ்சம் இலக்கண மலாயும் தேவை.

இருவர் நடிக்க வகுப்பே வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் பேசட்டும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறைப்பார், சரி.

நேரமில்லை என்று ஒரே சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சீட்டுகளை மாற்றி, ஜோடியையும் மாற்றி மறுபடி பேச விடுங்கள். நாக்கு இளகுவது அந்த இரண்டாம் சுற்றில்தான்.