மழை பெஞ்சும் கிணத்துல தண்ணி ஏறலையா? நீங்களே அளந்து பாருங்க

மழை கொட்டுச்சு, ஆனா கிணறு அப்படியேதான் இருக்குனு பொலம்புறவங்க முதல்ல ஒரு நோட்டு போடுங்க. அளக்காம இருந்தா கொறை மழைலயா இல்ல சுத்தி போட்ட சிமெண்டுலயானு கடைசி வரைக்கும் தெரியாது.

வாரம் ஒரு தடவ, காலைல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி அளங்க, மோட்டார் ஓடுன கையோட அளந்தா தண்ணி எறங்கிதான் இருக்கும், அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. விளிம்புல ஒரு எடத்துல பெயிண்ட் குறி போட்டு, வெயிட் கட்டுன டேப்ப எப்பவும் அங்க இருந்தே எறக்குங்க. எட்டிக் குனியாதீங்க.

மழைய அளக்க, பக்கம் நேரா இருக்குற டப்பா ஒண்ணு, ஸ்கேல் ஒண்ணு, மரம் மாடி மறைக்காத எடம், அவ்ளோதான். 1 மி.மீ. மழைனா 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடில 20 மி.மீ. பெஞ்சா 2,000 லிட்டர், அதுல பெரும்பகுதி சாக்கடைக்குத்தான போகுது?

அப்புறம் ஒரு நடை போய் சுத்தி எவ்ளோ மண்ணு, எவ்ளோ தார், சிமெண்டு, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுனு குறிச்சுக்கோங்க. டைல்ஸ் கல்லு பதிச்ச எடம் தண்ணி உறிஞ்சும்னு நம்பாதீங்க, அடில கான்கிரீட் இருந்தா சுத்தமா எறங்காது.

இப்ப நோட்ட படிக்கிற விஷயம், இங்கதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. முதல் மழைய காஞ்ச மண்ணே குடிச்சிரும், அதனால மட்டம் அசையலனா பதறாதீங்க. ஒரே 50 மி.மீ. மழை அரை மணில கொட்டுனா ஓடிரும், நாள் முழுக்க தூறுனா எறங்கும். மழை இல்லாத வாரத்துல வழக்கமா எவ்ளோ எறங்குதுனு பாத்து வெச்சுக்கோங்க, மழை வாரத்துல மட்டம் எறங்காம நின்னாலே தண்ணி உள்ள வந்திருக்குனு அர்த்தம். பக்கத்து தெரு கிணத்தோட போட்டி வேணாம், மணல்ல 1 மீட்டர் ஏற கிட்டத்தட்ட 200 மி.மீ. தண்ணி உள்ள எறங்கணும், களிமண்ணுல அதுல கொஞ்சம் போதும். ஆழமான போர்வெல்னா மாசக்கணக்குல லேட் ஆகலாம்.

மழையே இல்லாம மட்டம் ஏறுதா? சந்தோஷப்படாதீங்க, எங்கயோ குடிநீர் பைப்போ சாக்கடையோ லீக் ஆகிட்டு இருக்கலாம், தண்ணிய டெஸ்ட்டுக்கு குடுங்க. எங்க சிமெண்ட ஒடைச்சு உறிஞ்சுகுழி போடணும்னு உங்க நடைக் குறிப்பே சொல்லிரும், மாடித்தண்ணிய ஃபில்டர் வெச்சு விடுங்க, ரோட்டுத் தண்ணிய மட்டும் கிணத்துக்குள்ள நேரா விட்டுறாதீங்க.