‘ஸ்க்ரூ அடித்தால் அது வேலையா?’ என்று ஒதுக்கிய இணைப்புகளும் அவற்றில் நாம் செய்யும் தவறுகளும்

தச்சுப் பட்டறையில் நான் பலமுறை சொன்னதுதான் இது. சட்டத்தின் முனையை நாக்குப்போலக் கழுந்தாகச் செதுக்கித் துளையில் இறக்க வேண்டும், இழுப்பறைக்குப் புறாவின் வால்போல விரிந்த பற்களை வெட்டிக் கோக்க வேண்டும். மற்றதெல்லாம் கை வராதவர்கள் செய்வது. பிளைவுட் அலமாரி வேலைகள் வந்து குவிந்ததும் அந்த வீம்பு இறங்கியது. 18 மி.மீ. பிளைவுட்டில் கழுந்து எடுத்துப் பாருங்கள், அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து வரும்.

சரி என்று டவல் (இரு பக்கமும் துளை போட்டு இறக்கும் உருட்டு மரக் குச்சி), பிஸ்கட் (இரு பக்கமும் காடி, அதாவது நீள்பள்ளம், வெட்டிச் செருகும் மெல்லிய முட்டை வடிவ மரத் துண்டு), பாக்கெட் ஹோல் பக்கம் வந்தேன். முன்பு இவை ஏன் காலை வாரின என்பது அப்போதுதான் புரிந்தது. பல இடங்களில் கோளாறு என் கையில்தான் இருந்திருக்கிறது.

பாக்கெட் ஹோலையே எடுத்துக்கொள்வோம். சாய்வாகத் துளை போட்டு ஸ்க்ரூவை மறைவாக முறுக்கும் முறை இது. கதவுச் சட்டத்தில் சாய்வுத் துளையைக் குறுக்குச் சட்டத்தின் முனையில் போட வேண்டும். அப்போது ஸ்க்ரூ நெடுஞ்சட்டத்தின் நார்களுக்குக் குறுக்கே போய்க் கடிக்கும். நான் நெடுஞ்சட்டத்தில் துளை போட்டேன். ஸ்க்ரூ குறுக்குச் சட்டத்தின் வெட்டு முகத்தில், நார் ஓடும் திசையிலேயே நுழைந்தது. அங்கே பிடி குறைவு. கொஞ்ச நாளில் ஆட ஆரம்பித்துவிட்டது. தேக்கு மாதிரிக் கடினமான மரத்துக்கு நெருக்கமான மரை உள்ள ஸ்க்ரூ, பிளைவுட்டுக்கும் மென்மரத்துக்கும் அகலமான மரை உள்ளது. முறுக்குவதற்கு முன் கிளாம்ப் போட்டு இறுக்காவிட்டால் சட்டம் ஒரு நூல் நகர்ந்து நின்றுவிடும், அப்புறம் இழைப்புளிதான்.

இதைவிடப் பெரிய தப்பு, மேஜைப் பலகையை இந்த ஸ்க்ரூவால் அடிச்சட்டத்தோடு அசையாமல் பூட்டுவது. முழுமரப் பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். விடவில்லை என்றால் வெடிக்கும். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த வெடிப்பு இன்னும் இருக்கிறது. சட்டத்தில் நீள்துளை போட்டு ஸ்க்ரூ நகர இடம் கொடுத்திருந்தால் போதும்.

டவலில் தவறு வேறு மாதிரி. வழுவழுப்பான உருட்டுக் குச்சியை வெட்டி, துளை நிறையப் பசை ஊற்றி அடித்தால், பசை போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி மரம் பிளக்கும். வரி வரியாகப் பள்ளம் விட்ட டவலாக வாங்குங்கள். இல்லாவிட்டால் குச்சியின் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் இழுங்கள். இரண்டு துளைகளின் மொத்த ஆழம் டவலைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். 18 மி.மீ. பலகைக்கு 8 மி.மீ. டவல் சரி. பலகையின் அகன்ற முகத்தில் 12 மி.மீ.க்கு மேல் ஆழம் போகாதீர்கள், மறுபக்கம் புடைத்துவிடும்.

பிஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பலகைகளை ஒரே மட்டத்தில் நிறுத்தவே அது. வலுவை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பசையின் ஈரத்தில் உப்பும்படி அழுத்திச் செய்த பீச் மரத் துண்டு என்பதால் டப்பாவை மூடி வைக்காவிட்டால் மழைக்காலத்தில் காடிக்குள் நுழையவே நுழையாது. ஒட்டிய கையோடு மேற்பரப்பை இழைத்துத் தேய்க்கவும் வேண்டாம். ஈரம் காய்ந்த பிறகு அந்தந்த இடத்தில் முட்டை வடிவக் குழி விழும், பாலிஷ் போட்டால் பளிச்சென்று தெரியும்.

வெட்டு முகத்தில் பசை பிடிக்காது என்ற பாடத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் யூட்யூபில் வந்த ஒரு சோதனையில் அந்த ஒட்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கியது. பலகைகளைப் பக்கவாட்டில் நாரோடு நார் சேர்த்து ஒட்டியதில் பசைக்கு முன்பே மரம் பிளந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு நாற்காலியை வெறும் பசையில் நிறுத்தக் கிளம்பியவர்களும் உண்டு! உட்கார்ந்தவர் பின்னால் சாயும்போது பின்காலும் இருக்கைச் சட்டமும் சேருமிடத்தில் நெம்புகோல்போல விசை இறங்கும். அந்த மூட்டுக்கு மட்டும் நான் இன்றும் கொட்டாப்புளியும் உளியும் எடுத்துக் கழுந்துதான் செதுக்குகிறேன்.