மாரி வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஊருக்கு எப்படிச் சொல்வது

வெள்ளத்தோடு வரும் நோய்களைப் பற்றி ஐப்பசி பிறந்ததும் சொல்லத் தொடங்கிவிடுங்கள். வெள்ளம் வந்தபின் சொன்னால் சனத்தின் காதில் ஏறாது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நான் முதலில் போவது சனசமூக நிலையத்துக்கு, அடுத்து கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம்.

வெள்ளம் தேங்கி நிற்கும்போது ஒரே செய்தி போதும்: கொதித்தாறிய தண்ணீரை மட்டும் குடியுங்கள்.

வடிந்த பிறகுதான் பெரிய வேலை. "கிணறு மாசுபட்டுவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள். ஓர் ஆச்சி, "தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார். அவருடைய கிணற்றடியிலேயே நின்று மலக்குழியைக் காட்டினேன். "இது சுண்ணாம்புக்கல் நிலம் ஆச்சி, வெடிப்புக்குள்ளால அந்தத் தண்ணி இங்க வரும்" என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். கிணற்றைச் சுத்தமாக்கப் போடும் குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லட்டும். நாமாக ஊகிக்கக் கூடாது.

அப்புறம் எலிக்காய்ச்சல்; எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து புண் வழியாகத் தொற்றுவது. 2024 டிசம்பரில் இங்கே உயிர்களைப் பறித்த நோய். வயலுக்குப் போகிறவர்களை விடியவே தேநீர்க் கடையில் பிடியுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சலோடு தசைநோவும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பனடோலைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்க யாரையும் விடாதீர்கள்.