நாரைக் குஞ்சும் பாதரசமும்: கூடு பாக்கப் போறவங்களுக்கு

ரெண்டு வாரம் முன்னாடி சிங்கப்பூர்ல, பாசிர் ரிஸ் பார்க்ல சாம்பல் நாரை கூடு கட்டியிருக்குற மரத்தப் பாத்துட்டு நின்னேன். பக்கத்துல நின்ன ஒரு அண்ணன், குஞ்சு ஒன்னு கிளையில தள்ளாடுறதப் பாத்துட்டு "பாதரசம்தான் தம்பி, தண்ணியெல்லாம் கெட்டுப்போச்சு"ன்னு ஒரே போடா போட்டாரு. குஞ்சு நிக்கப் பழகுறப்ப தள்ளாடத்தான் செய்யும். பாதரசத்தக் கண்ணால பாத்து சொல்ல முடியாது, ஆனா கூட்ட ஒழுங்கா கவனிச்சா உருப்படியா சில விஷயம் எழுதி வைக்கலாம், அதான் இது.

முதல்ல எந்தப் பறவைன்னு முடிவு பண்ணுங்க. சுங்கை பூலோ சதுப்புநிலத்துல சின்ன வெள்ளைக் கொக்கு நிறைய நிக்கும், ஆனா அதுல முக்காவாசி செப்டம்பர் வாக்குல வந்து மார்ச் ஏப்ரல்ல கிளம்புற கூட்டம், அது உடம்புல இருக்குறது எந்த ஊர் மீன்ல இருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும். சாம்பல் நாரை இங்கயே குஞ்சு பொரிக்குது. அந்தக் குஞ்சு தின்னது எல்லாம் அப்பா அம்மா அக்கம்பக்கத்துல பிடிச்சுட்டு வந்த மீன்தான், அதனால நம்ம தண்ணியப் பத்திக் கேக்கணும்னா குஞ்சுகிட்டதான் கேக்கணும்.

தண்ணி தெளிவா இருக்கு, நாத்தமே இல்லன்னு நம்பிடாதீங்க. காத்துப் புகாத சேத்துல இருக்குற பாக்டீரியா சாதாரண பாதரசத்த மீதைல் பாதரசமா, அதாவது உடம்புல எளிசா சேர்ற விஷமா, மாத்திடும், சதுப்புநிலம் அதுக்கு ரொம்ப தோதான இடம். அங்க இருந்து புழு, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலயும் சேந்து சேந்து நாரைக்கு வரும்போது நல்லா ஏறியிருக்கும். அதனால நோட்டுல மீனோட அளவையும் எழுதுங்க, அலகு நீளத்துல பாதியா முழுசான்னு எழுதுனாலே போதும்.

இப்ப முக்கியமான விஷயம், தேதி. தாய்கிட்ட இருந்து முட்டை வழியா கொஞ்சம் பாதரசம் குஞ்சுக்கு வந்துடும். அப்புறம் குஞ்சு மளமளன்னு வளரும், இறகும் முளைக்கும், உடம்புல சேர்ற மீதைல் பாதரசம் இறகுக்குள்ள போய் ஒட்டிக்கும். சாக்கடை மாதிரி ஒரு வழின்னு வச்சுக்கோங்க. இறகு முளைச்சு முடிஞ்சதும் அந்த வழி அடைஞ்சுடும், ஆனா மீன் தின்றது நிக்காது, ரத்தத்துல ஏற ஆரம்பிக்கும். அதாவது கூட்டுல பஞ்சு மாதிரி கிடக்கும்போது இல்ல, பறந்து போய் தானா இரை தேடக் கத்துக்குற நேரத்துலதான் ஆபத்து அதிகம். அடைகாக்குறது 25 நாள் கிட்ட, பொரிச்சதுல இருந்து பறக்க 50 நாள் கிட்ட, இத வச்சு கணக்குப் போட்டு பறக்குறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு வாரம் அடிக்கடி போங்க.

எத்தன குஞ்சு பொரிச்சுது, எத்தன பறந்துச்சுங்கிறத விடாம எழுதணும், ஏன்னா பாதரசம் பெரும்பாலும் பறவைய பட்டுன்னு கொல்றதில்ல, எண்ணிக்கையக் குறைக்கும். ஃப்ளோரிடால வெள்ளை அரிவாள் மூக்கன் பறவைகளுக்கு மூணு வருஷம் சாப்பாட்டுல வெறும் 0.05ல இருந்து 0.3 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்) வரைக்கும் மீதைல் பாதரசம் கலந்து குடுத்துப் பாத்தாங்க, 2010ல முடிவு வந்துச்சு. ஆண் ஆணோட ஜோடி சேந்து கூடு கட்டுனது கூடிப்போச்சு, குஞ்சு குறைஞ்சுபோச்சு, ஆனா பறவை எல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு! அதுக்காக ஒரு கூட்டுல ஒரு குஞ்சு செத்தா உடனே பாதரசம்னு எழுதாதீங்க, நாரைக் கூட்டுல கடைசியா பொரிச்சது பட்டினில போறது சகஜம்.

மரத்துக்கு நேர் கீழ மட்டும் நிக்காதீங்க. பயந்தா குஞ்சு பாதி செரிச்ச மீன வாந்தி எடுக்கும், என் தொப்பியக் கேட்டுப் பாருங்க.

இறகுதான் சரியான சாட்சி, ஒரு கிராம் இறகுக்கு 5 மைக்ரோகிராம் பாதரசம்ங்கிறத ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா எச்சரிக்கைக் கோடா வச்சிருக்காங்க, பறவைக்குப் பறவை அது மாறும். ஆனா அந்த வேலை அனுமதி வாங்குன ஆளுங்களோடது, நீங்க இறகப் பொறுக்கி பையில போடாதீங்க. குஞ்சு கீழ விழுந்து கிடந்தா தொடாதீங்க, மீன் ஊட்டாதீங்க, என்பார்க்ஸ்ங்கிற தேசியப் பூங்காக் கழகத்தோட 1800-476-1600க்கு அடிங்க. ரெக்கை தொங்குது, நிக்க முடியலன்னா அடிபட்டிருக்கலாம், பசியா இருக்கலாம், வேற நோயாவும் இருக்கலாம், பாத்தத மட்டும் சொல்லுங்க.

வீட்டுல செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. பழைய குழல் விளக்குல கொஞ்சம் பாதரசம் இருக்கும், நம்ம குப்பை எல்லாம் எரிக்கப் போறதால அத குப்பைத் தொட்டில போட்டா பாதரசம் ஆவியாயிடும், ஆலை ஃபில்டர் முழுசையும் பிடிக்கும்னு நம்பி ஏன் போடணும். பல்பு படம் போட்ட இ-வேஸ்ட் தொட்டில போடுங்க, 2021 ஜூலைல இருந்து அதுக்குன்னு ஏற்பாடே இருக்கு. உடைஞ்சுட்டா ஜன்னலத் திறந்து விட்டு கொஞ்ச நேரம் வெளிய போங்க, அப்புறம் அட்டையால அள்ளி, மிச்சத்த டேப்பால ஒத்தி எடுத்து, மூடி போட்ட டப்பால வைங்க. வாக்குவம் மட்டும் போடாதீங்க, வீடு பூரா பரவிடும்.