நிர்வாக சபைக்கு ஊருக்குள் ஆள் தேடுதல்

முதலில் உங்கள் அமைப்பின் இப்போதைய நிர்வாக சபையில் இருப்பவர்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ஊர், வயது, தொழில், ஆண் பெண். எல்லோரும் வட இலங்கையின் கிளிநொச்சி நகரத்து ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் என்றால் குறை அங்கேயே தெரியும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றின் கூட்டங்களுக்கு நேரில் போங்கள். தலைவரிடம் மட்டும் பெயர் கேட்டால் பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரர்தான் வருவார். மூலையில் இருந்து கணக்கு எழுதுகிறவரைக் கவனியுங்கள். நல்ல பொருளாளர் அங்கேதான் இருப்பார். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கிராமங்களை விட்டுவிடவே கூடாது.

விதைப்புக் காலத்திலும் அருவிவெட்டு (நெல் அறுவடை) காலத்திலும் யாரையும் அழைக்காதீர்கள். புதியவர் ஒருவரை மட்டும் சேர்த்தால் வாய் திறக்கத் தயங்குவார், இருவராகச் சேருங்கள். பிற்பகல் 3 மணிக்குள் கூட்டம் முடியட்டும், துணுக்காய் போன்ற தூரத்து ஊருக்குத் திரும்பும் பெண்ணுக்கு பஸ் வேண்டும். போக்குவரத்துக் காசை அன்றே கையில் கொடுங்கள்.