குசினிப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்பை மறப்பது, அடிப்பிடிக்க விடுவது போன்றவை சில நாட்களில் தாமாகவே திருந்திவிடும். அவற்றை எழுதத் தேவையில்லை. வன்னியில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்க முனையும் இளம் பெண்கள் புதுப்புதுச் சேர்மானங்களைச் செய்து பார்க்கும்போது, நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். அவற்றுள் காசைத் தின்னும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரே தடவையில் பலவற்றை மாற்றுதல்

இதைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கடந்த ஆவணியில் புதுக்குடியிருப்பிலுள்ள என் பெறாமகள் பனங்காய்ப் பணியாரம் சுட்டாள். முதல் ஈடு எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வந்தது. உடனே கோதுமை மாவைக் குறைத்துக் குரக்கன் மாவைச் சேர்த்தாள், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைப் போட்டாள், நெருப்பைக் கூட்டினாள், போதாக்குறைக்கு வேறொரு மரத்துப் பழத்தையும் பிசைந்து ஊற்றினாள். "இந்த முறை சரிவரும், பெரியம்மா" என்றாள். வந்ததோ வெளியே கருகி, உள்ளே வேகாமல், வாயில் வைக்க முடியாதபடி கைத்தது.

கருகியது பனங்கட்டியாலா, நெருப்பாலா? இனிப்புக் கூடினாலும் மேற்புறம் விரைவில் கறுக்கும், எண்ணெய் அதிகம் கொதித்தாலும் கறுக்கும். முதல் ஈடு எண்ணெய் குடித்ததற்கும் எண்ணெய் போதிய அளவு சூடேறாதது காரணமாக இருக்கலாம், பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த களியில் நீர் மிகுந்து மா இளகியதும் காரணமாக இருக்கலாம். கோதுமையிலுள்ள பசைப்புரதம் குரக்கனில் இல்லாததால், அதைக் கூட்டினால் உருண்டையின் பிடிப்புக் குறையும். கைப்புக்குக் கருகியதும் ஓரளவு காரணமாகலாம், ஆனாலும் பெரும்பாலும் பழத்தையே குற்றஞ்சாட்டலாம். பனங்களியின் கைப்பு மரத்துக்கு மரம் வேறுபடுவதால், ஒவ்வொரு பழத்தின் களியையும் நாவில் வைத்துப் பார்த்த பின்னரே ஒன்றாகக் கலக்க வேண்டும்.

அதே களியையும் அதே மாவையும் வைத்துக்கொண்டு, நெருப்பை மட்டும் மாற்றி, ஒரேயொரு பணியாரத்தைச் சுட்டுப் பார்த்திருந்தால் விடை அங்கேயே தெரிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில் ஒரு தாச்சி எண்ணெயும் பாடுபட்டுப் பிசைந்த களியும் வீணாயின. அடுத்த முறை எதைத் திருத்துவது என்பதாவது தெரிந்திருந்தால் அந்தச் செலவைப் பொறுத்திருப்பேன்.

அளவைக் கையில் வைத்திருத்தல்

கைக்கணக்கு, பல காலம் சமைத்தவர்களுக்கு உரியது. பழகுபவர்கள் ஒரே சுண்டால் (அளக்கும் குவளையால்) அளந்து, கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வறுத்த மாவும் வறுக்காத மாவும் ஒரே அளவு தண்ணீர் பிடிப்பதில்லை என்பதால், எந்த மா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிழையை மிளகாய்த்தூளால் மூடுதல்

வேண்டாம்.

சோதிக்கக் கூடாததைச் சோதித்தல்

மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் துருவி மாவில் கலந்தால் மொறுமொறுப்பு வருமா என்று ஒருத்தி கேட்டாள். செய்யுமுன் கேட்டாளே என்று ஆறுதலடைந்தேன். பச்சைக் கிழங்கில் சயனைட்டை உண்டாக்கும் பொருட்கள் உள்ளன. கைக்கும் இனங்களில் அவை மிகுதி. தோலை உரித்து, துண்டுகளாக்கி, பானையை மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவையும் நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை அகற்றிய பின்னரே கூழில் கரைக்கிறோம். நேரமில்லை என்று அந்த ஊறலைக் குறுக்குபவர்களின் வீட்டுக் கூழை நான் குடிப்பதில்லை.